வண்டிவீட்டுச் சாவி

கவுன்சில் ஆட்கள் துரத்திவிட்ட இடத்துக்கு மறுபடி போகக் கூடாது என்பது பார்ட்லியின் கட்சி. போய் என்ன கிடைக்கப் போகிறது, சேறும் பாறாங்கல்லும்தானே என்பான். அவன் பெண்டாட்டி டீலியா போவாள். ரோட்டோரம் வண்டிவீடுகளை நிறுத்திக் குடியிருந்த ஜனங்களை விரட்டிய கையோடு, இன்னொரு முறை யாரும் வந்து நிறுத்திவிடாதபடி கவுன்சில் அங்கே இடுப்பளவுப் பாறாங்கற்களைக் கொண்டுவந்து வரிசையாக இறக்கிவிடும். அந்தக் கற்களுக்கு நடுவில் குனிந்து, புல்டோசர் மென்று துப்பியதையெல்லாம் அவள் பொறுக்குவாள். கெண்டியின் மூக்கு, கதவுக் கைப்பிடி, பிள்ளைகளின் ஒற்றைச் செருப்பு, குதிரைச் சேணத்தின் பித்தளை வளையம், பூப்போட்ட பீங்கான் தட்டில் ஒரு கால் துண்டு. கால்வே பக்கத்துச் சாலைகளில் அவள் குடும்பம் தங்கி விரட்டப்பட்ட இடங்கள் பதினேழு. அதில் பதினாறில் பொறுக்கியிருந்தாள். பதினேழாவது இடத்துக்குப் போக மட்டும் அவளுக்குக் கால் வரவில்லை.

பொறுக்குவது அவளுக்குப் புதிதாக வந்த பழக்கமில்லை. ரோட்டு ஜனத்துப் பெண்கள் இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருப்பார்கள். வழியில் சந்திக்கிற பெண்களிடம் ஆளுக்கொரு பொத்தானோ மணியோ வாங்கி அதில் வைத்துக்கொள்வார்கள். யாரை எங்கே பார்த்தோம் என்பதற்கு அதுதான் கணக்கு. டீலியா பொத்தானில் ஆரம்பித்துக் கதவு வரைக்கும் போய்விட்டாள், அவ்வளவுதான்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் அந்தக் கவுன்சிலை மிஞ்ச ஆளில்லை. ரோட்டிலிருந்து விரட்டியது. ஊருக்கு வெளியே குப்பைக்கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் களத்தைக் காட்டி, எட்டு வண்டிவீடுகளை அங்கே நிறுத்திக்கொள்ளச் சொன்னது. பிறகு அந்தப் பெண்களின் மனப்புண் ஆறட்டும் என்று வாரம் ஒரு கைவேலை வகுப்பும் வைத்தது. வகுப்பெடுக்க வந்தவள் கிரான்யா. நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பெண். கொடுத்த டீயைக் கோப்பையைத் துடைத்துப் பார்க்காமல் குடித்த முதல் வீட்டு ஜனம், அதாவது சுவர்வீட்டில் குடியிருக்கிற ஜனம், அவள்தான்.

மற்றப் பெண்கள் தலையணை உறை தைத்தார்கள். டீலியா தன் சாக்கைக் கொண்டுவந்து கொட்டினாள். உடைசல்களைக் கம்பியால் இழுத்துக் கட்டி, இரண்டு கைக்குள் அடங்குகிற வண்டிவீடு ஒன்று செய்தாள். கெண்டி மூக்கு அதற்குப் புகைபோக்கி. கிரான்யா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஆள் நிற்கிற அளவில் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டாள். அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இடம் தருகிறோம், ஆனால் முடிந்ததும் அது எங்களுக்கே சொந்தமாகிவிடும், அதற்கொரு கையெழுத்து வேண்டும் என்றாள். டீலியா போட்டாள். போட்ட நாளில் அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. யாரோ நசுக்கிப் போட்ட குப்பையை யாரோ பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்கிறார்கள், வைத்துக்கொள்ளட்டுமே.

இதற்குமேல் கதையைச் சொல்ல ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் மூன்று வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். பீலிக்ஸ். அவர்களுடைய மூத்த மகன்.

பதினேழாவது இடமான சூளைமுக்கிலிருந்து விரட்டப்பட்ட வருடம், சின்னவள் நோனிக்கு நெஞ்சுச்சளி விடவே இல்லை. அதைச் சாக்காக வைத்துக் கவுன்சில் ஊருக்குள் ஒரு வீடு கொடுத்தது. மாடி வீடு. நோனிக்கு இருமல் நின்றது. பத்தொன்பது வயது பீலிக்ஸுக்குத்தான் சுவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பான். மேலே யாரோ நடக்கிற மாதிரியே இருக்கிறது என்பான். மேலே இருந்தது அவர்களுடைய படுக்கையறைதான். கடைசியில், குதிரை வியாபாரத்தில் சம்பாதித்து வாங்கிய தன் சின்ன வண்டிவீட்டைக் கொல்லையில் நிறுத்தி அதில் படுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். பதினாலு நாளைக்குள் வண்டியை அப்புறப்படுத்த வேண்டும் என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பதின்மூன்றாம் நாள் காலையில், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த கதவைப் பார்ட்லி கடப்பாரையால் நெம்பித் திறந்தான். பையன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான்.

செத்தவன் வாழ்ந்த வண்டியையும் அவன் தொட்டுப் புழங்கிய சாமான்களையும் எரிப்பது இந்த ஜனத்தின் வழக்கம். எரியாததை உடைத்து ஆற்றில் போடுவார்கள். ஒரு ஊசி மிஞ்சினாலும் போனவன் அதைத் தேடி வருவான். அவனுக்கும் போய்ச்சேர வழியிருக்காது, இருக்கிறவர்களையும் இருக்க விடமாட்டான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது வீட்டு ஜனங்களின் நியாயம். இங்கே எரிகிற வீட்டில் ஒரு கரண்டியைப் பிடுங்கினாலும் அது செத்தவனுக்குச் செய்கிற துரோகம். சதுப்புநிலச் சாலையில் வண்டியை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திப் பார்ட்லி தீ வைத்தான். மகன் சின்ன வயதில் மாதாகோயிலில் முதல் நன்மை வாங்கியபோது போட்டிருந்த குட்டிச் சட்டையைக்கூட டீலியா தன் கையாலேயே உள்ளே எறிந்தாள். எல்லாம் முடிந்தது, வண்டிச்சாவி மட்டும் அகப்படவில்லை. பார்ட்லி இரண்டு நாள் சல்லடை வைத்துச் சாம்பலைச் சலித்தான். அப்புறம், உருகிப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வீட்டுச் சாவியைக் கவுன்சிலிடம் கொடுத்துவிட்டுச் சிமெண்ட் களத்துக்கு வந்தார்கள்.

அருங்காட்சியகத்து வேலை முக்கால்வாசி முடிந்த சமயத்தில்தான் டீலியா சூளைமுக்குக்குப் போனாள். மற்ற இடங்களைவிட அங்கேதான் அதிக வருடம் இருந்தார்கள், பீலிக்ஸ் சின்ன வயதில் குதிரையேறப் பழகியதும் அங்கேதான். அவன் வாழ்ந்த இடங்களில் அவனுக்குப் பிடித்த இடம் அது. பழைய சுண்ணாம்புச் சூளையைச் சுற்றி முட்செடிகளும் காஞ்சொறியும் ஆளை மறைத்து வளர்ந்திருந்தன. இரண்டு பாறாங்கற்களுக்கு நடுவில், வைக்கோல் கட்டுகிற நீல நூலில் முடிந்த சாவி ஒன்று இருந்தது. விழுந்து கிடந்ததல்ல, ஆழமாக வைக்கப்பட்டது. துருப்பிடித்திருந்தாலும் அதன் தண்டில் அரத்தால் போட்ட மூன்று வெட்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. இருட்டில் தடவிப் பார்த்து எடுக்க வசதியாகப் பார்ட்லி மகனுக்குப் போட்டுக்கொடுத்த வெட்டு.

அவள் ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசி நாள் சாயங்காலம் பையன் எங்கேயோ போய்விட்டு, முழங்கால் வரைக்கும் சேறாக வந்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றாள் அவள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. ஒன்பது மைல் நடந்து இங்கே வந்திருக்கிறான். வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் சாவியைத் திருப்பிக் கொடுப்பதுபோல, தன் வண்டிச்சாவியை இந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்பது மைல் திரும்பி நடந்திருக்கிறான். பூட்ஸைக் கழற்று என்றுதான் அவள் சொன்னாள்.

சாவியைப் பார்ட்லியிடம் கொடுத்திருக்க வேண்டும். அன்றைக்கே அது ஆற்றுக்குப் போயிருக்கும். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் மகனுடையது என்று மூன்று வருடமாக ஒரு தலைமயிர்கூட இல்லாமல் இருந்தவள் அவள். கையில் ஒன்று கிடைத்ததும் கொடுக்க மனசு வரவில்லை. பாதிக் கடமையாக நீல நூலை மட்டும் அடுப்பில் போட்டாள். சாவியை இடுப்புப் பையில் பொத்தான்களோடு போட்டுக்கொண்டாள். நான்கு நாள் அது தொடையில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்தாம் நாள், பக்கத்தில் நோனி தூங்குகிறாள், நடுவில் இது கிடக்கிறதே என்று பயம் பிடித்துக்கொண்டது.

வைத்திருக்கவும் முடியாது, எறியவும் முடியாது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பின்கட்டில் அவள் கட்டிக்கொண்டிருந்த வண்டிவீட்டுக்குக் கதவு இருந்தது, கதவில் பூட்டு இருந்தது, சாவி இல்லை. குடியிருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது என்றுதானே வழக்கம்? அதில் யார் குடியிருக்கிறார்கள்? தரை இல்லை, கூரையில் பாதி இல்லை. வழக்கத்தையும் மீறியதாகாது, வேண்டும்போது போய்ப் பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சாவியைப் பூட்டில் செருகிக் கம்பியால் இறுக்கினாள். வேலியில் போன ஓணானை யாரும் இவ்வளவு யோசித்து மடியில் விட்டுக்கொண்டதில்லை.

விழாவுக்குப் பார்ட்லி சாவுக்குப் போடுகிற சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். கயிறு கட்டி மறித்த இடத்துக்கு வெளியே நின்று, தலையைச் சாய்த்து மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"நல்லாத்தான் கட்டியிருக்க. என்ன, மழை வந்தா உள்ள படுத்திருக்கிறவனுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கணும்."

பக்கத்தில் மதுக்கோப்பையோடு நின்ற வீட்டு ஜனங்கள், இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீலியா மட்டும் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவன் அடித்த முதல் ஜோக் அது.

அந்த வாரத்திலிருந்தே ஆரம்பித்தது. விடியற்காலையில் குதிரைக்குத் தீனி வைக்கப் போனபோது சீட்டிச் சத்தம் கேட்டதாகப் பார்ட்லி சொன்னான். இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. பீலிக்ஸ் குதிரையைக் கூப்பிடுகிற விதம் அது. அடுத்த வாரம், குதிரை காதைத் திருப்பியது என்றான். அதற்கடுத்த வாரம் எதுவும் சொல்லவில்லை. தீனிவாளியைக் கையில் பிடித்தபடி, குதிரை முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"என்னத்தையோ விட்டுட்டோம் டீலியா. அவன் சாமான் ஏதோ ஒண்ணு இருக்கு. இல்லைன்னா ஏன் சுத்தறான்?"

வண்டிவீட்டின் அலமாரிப் பலகைகளைக் கழற்றினான். மெத்தையைக் கிழித்தான். ட்யூமில் இருக்கும் தன் தம்பியிடம் போய், பையனிடம் எதையாவது இரவல் வாங்கினாயா என்று கேட்டான். தம்பி எதுவும் வாங்கவில்லை, ஆனாலும் எதற்கு வம்பு என்று நல்ல சேணம் ஒன்றை எரித்தான். பார்ட்லிக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. உருளைக்கிழங்கைத் தோலுரித்துத் தட்டில் வைத்தால், ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். டீலியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். சொன்னால் சாவி போய்விடும். இதுதான் அவள் மனசில் இருந்தது, இதைவிட நல்லதாக ஒன்றும் இல்லை.

ஒருநாள் பார்ட்லி தன் குதிரைச்சாட்டையையும் நல்ல பூட்ஸையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தான். எதற்கு என்று கேட்டாள். எனக்கு எதற்கு என்றான். பீலிக்ஸும் அந்தக் கடைசி வாரத்தில் தன் தோல் ஜாக்கெட்டைச் சிநேகிதன் ஒருவனுக்குக் கொடுத்திருந்தான். இந்த முறை அவள் கேட்காமல் விடவில்லை. அல்லது, இந்த முறை அவளே சொன்னாள்.

"சாவி கிடைச்சுது, பார்ட்லி."

"எந்தச் சாவி?"

"மூணு வெட்டுப் போட்டது."

அவன் கத்தவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டான். சூளைமுக்கு, கல்லிடுக்கு என்றாள். இப்போது எங்கே என்று கேட்டான். அதையும் சொன்னாள். பார்ட்லி எழுந்து கதவைத் திறந்து வாசலில் நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினான்.

"செவுத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டுறவன். அவனைக் கொண்டுபோய் அத்தாம்பெரிய கட்டடத்துக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கியேடி."

சாவியைக் கொண்டு வா, இல்லையென்றால் நான் இதிலிருந்து மீள மாட்டேன் என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப்போலச் சொன்னான். அதுதான் அவளை உலுக்கியது.

கிரான்யாவிடம் போனாள். தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். செத்தவன் பெயரையும் சொல்ல வேண்டியதாயிற்று. கிரான்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டீலியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் சாவியைத் தர முடியாது என்றாள். ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் அது நாட்டின் சொத்து, செய்தவரே கேட்டாலும் ஒரு ஆணியைக்கூடப் பிரிக்க முடியாது, நிர்வாகக் குழுதான் முடிவு செய்ய வேண்டும், குழு கூட ஒரு வருடம் ஆகும், கூடினாலும் சம்மதிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். அந்த நேரத்தில் வெள்ளை உறை போட்ட கையோடு ஒரு ஆள் அந்த வண்டிவீட்டின் கதவுப் பக்கம் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். துரு பக்கத்துக்குப் பரவுகிறது, அதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று கிரான்யா ஆறுதல் சொன்னாள்.

"இவ்வளவு தெரிஞ்சப்புறம் நான் எப்படிங்க அதை அழிக்கக் கொடுப்பேன்? உங்க பையனை இந்த நாடு மறக்கக் கூடாது, டீலியா. நான் மறக்க விடமாட்டேன்."

சொன்னதைச் செய்தும் காட்டினாள். மூன்று வாரம் கழித்து டீலியா இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனபோது, சுவரில் இருந்த குறிப்பட்டை மாறியிருந்தது. டீலியாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் பெயரைப் படிக்க அவளுக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. வயதும் போட்டிருந்தது. எப்படிச் செத்தான் என்பதும் போட்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியை ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்தாள். பிள்ளைகள் எட்டி எட்டிச் சாவியைப் பார்த்தார்கள். பெற்ற தகப்பனே வாய்விட்டுச் சொல்லாத பெயரை, சுவரில் எழுதிவைத்து ஒரு நாளைக்கு நாலு முறை கூப்பிடுகிறார்கள். அவன் எப்படிப் போவான்?

இனிக் கேட்பதில் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த வாரம், திங்கட்கிழமை காலையில், கதவு திறந்ததும் உள்ளே போனாள். ரோட்டு ஜனத்துப் பெண் ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பின்னாலேயே ஒரு ஆள் வருவான். ரொட்டியைத் தொட்டால் ரொட்டியைப் பார்ப்பான், கையைச் சட்டைப்பையில் விட்டால் பையைப் பார்ப்பான். டீலியா நடக்கப் பழகிய நாள்முதல் அப்படித்தான். இங்கே காவல்காரன் எழுந்து நின்று, வாங்க டீலியா என்று சிரித்துவிட்டு நாளிதழுக்குத் திரும்பினான். ஒன்றும் திருடாத நாளெல்லாம் திருடி என்றவர்கள், திருட வந்த நாளில் மரியாதை செய்தார்கள். கயிற்றைத் தாண்டி, அவள் முறுக்கிய கம்பியை அவளே பிரித்து, சாவியை உருவி இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள். லேசாக இருந்தது. பாரம் இறங்கியதால் லேசாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானமே மூன்று பேரும் ஆற்றுக்குப் போனார்கள். பார்ட்லி சாவியை உள்ளங்கையில் வைத்து, அந்த மூன்று வெட்டையும் கட்டைவிரலால் தடவினான். பிறகு பாலத்துக் கைப்பிடிக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். இரண்டே அடியில் ஒடிந்தது. துரு தின்னுடுச்சு என்றான். நோனி புட்டியிலிருந்து தீர்த்தம் தெளித்தாள். பரலோக மந்திரம் சொல்லி முடித்ததும், பார்ட்லி இரண்டு துண்டையும் தண்ணீரில் எறிந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"பீலிக்ஸ், போடா கண்ணு. நீ போ."

போய்விட்டு வா என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கும் வாய் வரும். வந்துவிடக் கூடாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அங்கேயே நிறுத்தினான். டீலியா அவன் தோளில் சாய்ந்து, ஊர் கேட்க அழுதாள்.

அன்று சாயங்காலம் பார்ட்லி ஆறு உருளைக்கிழங்கு தின்றான். நோனி எண்ணிச் சிரித்தாள். மறுநாள் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாட்டையைத் திருப்பி வாங்கி வந்தான். பூட்ஸ் உனக்கே இருக்கட்டும், உன் காலுக்குத்தான் பொருத்தம் என்று சொல்லிவிட்டானாம். அக்டோபரில் பாலினஸ்லோ குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு குட்டி வாங்கலாமா, நோனிக்கும் பழக்கலாமா என்று கேட்டான். விடியலில் சீட்டி கேட்கிறதா என்று டீலியா கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போலீஸ் எப்போது வரும் என்று மட்டும் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தால் வரட்டும், சிறை என்றாலும் போய் வரலாம். அவள் கொடுக்கக் கூடியதில் அது சின்ன விலை.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. பார்ட்லி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டீலியா வெளியே படியில் உட்கார்ந்து எடுத்தாள். கிரான்யா.

"முதல்ல பயப்படாதீங்க. நான் போலீஸுக்குப் போகல, போகவும் மாட்டேன். கேமராவுல பார்த்தேன், பார்த்ததும் புரிஞ்சுது. உங்க இடத்துல இருந்தா நானும் அதையேதான் செஞ்சிருப்பேன்."

டீலியா நன்றி என்றாள். மெய்யாகவே சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுத்துட்டுப் போனது நகல், டீலியா. துரு அதிகமாகுதேன்னு அசலை அதுக்கு முன்னாடியே கழற்றி டப்ளினுக்கு அனுப்பிட்டோம். இது பார்வைக்கு வைக்க வார்த்தது, அந்த வெட்டெல்லாம்கூட அச்சா அப்படியே. நீங்க ஏதோ வேகத்துல எடுத்துத் தொலைச்சுட்டு, பின்னாடி ஐயோன்னு உட்காருவீங்களேன்னு எனக்கு மனசே கேட்கல. கவலையே வேண்டாம். அசல் பத்திரமா இருக்கு. காத்துப் படாம, ஈரம் படாம, பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. இன்னும் இருநூறு வருஷம் ஆனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

லைனில் இருக்கிறீர்களா என்று கிரான்யா கேட்டாள். இருக்கிறேன் என்றாள் டீலியா. உங்களுக்கு நிம்மதிதானே என்று கேட்டாள். நிம்மதிதான் என்றாள். போனை அணைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒடிந்த துண்டுகள் தண்ணீரில் விழுந்தபோது எழுந்த சத்தம் இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இரும்பு விழுகிற சத்தமாகவே அது இல்லை.

யார் போனில் என்று உள்ளேயிருந்து பார்ட்லி குரல் கொடுத்தான். யாரோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றாள். இன்னும் இரண்டு கிழங்கு இருக்கா என்று கேட்டான். எழுந்து போய் வைத்தாள். வெண்ணெயும் வைத்தாள். அவன் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவனிடம் இந்த ஜென்மத்தில் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். சொல்லாமல் எத்தனை நாள் அவன் இப்படித் தின்பான் என்றும் நினைத்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு அவளுக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் பார்ட்லி வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கினான். வெளியே குதிரை ஒருமுறை காலை மாற்றி வைத்தது. பிறகு சீட்டி கேட்டது. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக.

இத்தனை நாளும் அது பார்ட்லிக்குத்தான் கேட்டது. இன்றைக்கு அவளுக்குக் கேட்டது. அவனை எழுப்பிவிடாமல் மெல்லக் கையை நீட்டி, அவன் காதை மறைத்தாற்போலப் போர்வையை இழுத்துவிட்டாள்.